விவேகானந்தரின் பேச்சைப் பிடித்த குட்வின்

1897-ம் ஆண்டு பிப்ரவரி 6-ந் தேதி. கும்பகோணத்தில் இருந்து சென்னைக்கு ஒரு ரெயில் வந்து கொண்டிருந்தது. செங்கல்பட்டு, தாம்பரம், பல்லாவரம், பரங்கிமலை வழியாக எழும்பூர் போகும் பாதை அது. இன்று மின்சார ரெயில் ஓடுகிறதே, அதே பாதைதான்.

ரெயிலில் சுவாமி விவேகானந்தர் இருந்தார். அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் பெரும் புகழ் பெற்று, தாய்நாடு திரும்பியிருந்தார். வழி நெடுகக் கூட்டம்.

சென்னைக்குச் சில மைல் தூரத்தில் ஒரு சின்ன ஸ்டேஷன். அங்கே ரெயில் நிற்காது. ஆனால் சுவாமியை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்று நூற்றுக்கணக்கான ஜனங்கள் காத்திருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரிடம் கெஞ்சினார்கள். பலிக்கவில்லை. உடனே பலர் தண்டவாளத்தில் படுத்துவிட்டார்கள்! ரெயிலில் வந்த கார்டு நிலைமையைப் புரிந்துகொண்டு வண்டியை நிறுத்தினார். சுவாமி வெளியே வந்து, கையை உயர்த்தி ஆசி கூறினார். அதன் பிறகே ரெயில் நகர்ந்தது.

அதே ரெயிலில் ஓர் ஆங்கிலேய வாலிபர் வந்தார். வயது 26. பெயர் ஜோசையா ஜான் குட்வின். கூட்டம் இவரைப் பார்க்க வரவில்லை. ஆனால் சுவாமி அன்று பேசிய பேச்சுகளை நாம் இன்று படிக்கிறோம் என்றால், அதற்கு இவருடைய கைதான் காரணம்.

ஊர் ஊராக அலைந்தவர்

இங்கிலாந்தில் பாத் என்று ஒரு நகரம் இருக்கிறது. அதை அடுத்த பாத்ஈஸ்டன் என்ற ஊரில் 1870-ம் ஆண்டு செப்டம்பர் 20-ந் தேதி குட்வின் பிறந்தார். தந்தை பத்திரிகை ஆசிரியர். சுருக்கெழுத்தும் தெரிந்தவர்.

பாத் நகரத்துக்கும் சுருக்கெழுத்துக்கும் நெருங்கிய சம்பந்தம் உண்டு. புகழ் பெற்ற பிட்மன் சுருக்கெழுத்தைக் கண்டுபிடித்த ஐசக் பிட்மன் வாழ்ந்த ஊர் அது.

குட்வின் சிறு வயதிலேயே பத்திரிகை வேலைக்கு வந்தார். பிறகு சொந்தமாகப் பத்திரிகைத் தொழில் நடத்திப் பார்த்தார். நஷ்டம். ஊரை விட்டுக் கிளம்பினார். ஆஸ்திரேலியா போனார். அங்கிருந்து அமெரிக்கா போனார். நியூயார்க் கோர்ட்டுகளில் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்தார். வக்கீல்கள் படபடவென்று பேசுவதை எழுதி எழுதி அவருடைய கை பழகிவிட்டது. நிமிடத்துக்கு 200 வார்த்தை எழுதுவார்! அதாவது ஒரு நொடிக்கு 3 வார்த்தைக்கு மேல்.

ஒரு விளம்பரம்

1895-ம் ஆண்டு டிசம்பர். விவேகானந்தர் நியூயார்க்கில் சொற்பொழிவு செய்து வந்தார். அவர் எழுதி வைத்துப் படிக்கிறவர் அல்ல. மேடை ஏறியதும் அருவி போலப் பேச்சு வரும். பேசி முடித்தால் அதோடு போயிற்று.

சீடர்களுக்கு அது பொறுக்கவில்லை. சம்பளம் கொடுத்துச் சுருக்கெழுத்தாளரை வைத்தார்கள். முதலில் வந்தவரால் ஈடு கொடுக்க முடியவில்லை. அடுத்து வந்தவரும் தோற்றார். வேகம் மட்டும் கஷ்டம் அல்ல. நடுநடுவே சமஸ்கிருதச் சொற்கள் வரும். கோர்ட்டில் யார் அதைக் கேட்டிருக்கிறார்கள்?

வேகமாக எழுதக்கூடியவர் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் போட்டார்கள். அதைப் பார்த்து வந்தவர்தான் குட்வின். அப்போது அவருக்கு வயது 25. கூலிக்கு வந்தவர், பேச்சில் மயங்கிவிட்டார். சில வாரங்களுக்குள் சம்பளம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். சுவாமி தம் வாழ்க்கையையே கொடுக்கும்போது, தாம் உழைப்பையாவது கொடுக்கக் கூடாதா என்பது அவர் எண்ணம்.

பகலில் எழுதுவார். இரவில் உட்கார்ந்து தட்டெழுத்தில் அடிப்பார். அடித்த தாள் அச்சுக்குப் போகும். கர்ம யோகம், பக்தி யோகம், ஞான யோகம் என்ற நூல்களில் பெரும்பகுதி இப்படி அவர் கையில் பிடிபட்ட பேச்சுகள்தான்.

மெழுகு உருளை

அந்தக் காலத்தில் பேச்சைப் பதிவு செய்ய இயந்திரம் இல்லையா? இருந்தது. எடிசன் 1877-லேயே போனோகிராப் கருவியைக் கண்டுபிடித்துவிட்டார். பிறகு மெழுகு உருளைகளும் வந்தன. ஆனால் ஓர் உருளையில் சுமார் 2 நிமிடப் பேச்சுதான் அடங்கும். ஒரு மணி நேரப் பேச்சுக்கு 30 உருளை வேண்டும்! அதுவும் குழாயின் வாய்க்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு உரக்கப் பேச வேண்டும். ஆயிரம் பேரைப் பார்த்து, திரும்பித் திரும்பிப் பேசுகிறவருக்கு அது எப்படிப் பயன்படும்?

இன்று நிலைமை வேறு. தாம்பரத்தில் ரெயில் ஏறும் கல்லூரி மாணவரின் சட்டையில், பொத்தான் மாதிரி ஒரு கருவியைக் குத்திக்கொள்ளலாம். கையால் தொடவே வேண்டாம். மணிக்கணக்காக அது கேட்டுக்கொண்டே இருக்கும். விவேகானந்தரும் அப்படித்தான் ஒரு கருவியைக் கூடவே கொண்டு போனார். அது சாப்பிட்டது, தூங்கியது, வெயிலில் வாடியது. அவ்வளவுதான் வித்தியாசம்!

குட்வினுக்கு வேலை லேசானது அல்ல. சுருக்கெழுத்தில் ஒலிகளைத்தான் கோடாகப் போடுவார்கள். வேகமாக எழுதும்போது உயிரெழுத்துக் குறிகளை விட்டுவிடுவார்கள். தமிழில் சொன்னால் பல், பால், புல் எல்லாம் ஒரே மாதிரி தெரியும். எது என்று எழுதியவருக்குத்தான் ஞாபகம் இருக்கும். நாள் ஆக ஆக அவருக்கே மறந்து போகும். ஆகவே எழுதியதைச் சுடச்சுட விரித்து எழுதிவிட வேண்டும்.

சென்னையில் 9 நாள்

1896 டிசம்பர் 30-ந் தேதி, இத்தாலியில் நேப்பிள்ஸ் துறைமுகத்தில் விவேகானந்தருடன் குட்வின் கப்பல் ஏறினார். 1897 ஜனவரி 15-ந் தேதி கொழும்பு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் இலங்கையில் இருந்தபோதுதான், ஜனவரி 22-ந் தேதி, பாத் நகரில் கிழவர் பிட்மன் காலமானார்.

ஜனவரி 26-ந் தேதி பாம்பன். பிறகு ராமநாதபுரம், பரமக்குடி, மதுரை, கும்பகோணம். ஒவ்வோர் ஊரிலும் வரவேற்பு. ஒவ்வோர் ஊரிலும் பேச்சு. குட்வின் விடவில்லை.

சென்னையில் சுவாமி 9 நாள் தங்கினார். கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்ற கட்டடத்தில் இருந்தார். இன்றைய விவேகானந்தர் இல்லம் அதுதான். விக்டோரியா மண்டபத்தில் வரவேற்புக் கூட்டம் வைத்தார்கள். உள்ளே இருந்ததைவிட வெளியே ஜனம் அதிகம். சுவாமியும் வெளியே வந்தார். ஒரு குதிரை வண்டியின் மேல் ஏறி நின்று பேசினார். ஒரே ஆரவாரம். சீக்கிரமே முடித்துக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்தப் பேச்சு மற்றவற்றைவிடச் சிறியதாக இருப்பதற்கு இதுதான் காரணம்.

கொழும்பு முதல் அல்மோரா வரை சுவாமி பேசிய பேச்சுகள் அதே 1897-ல் சென்னையில் ஆங்கில நூலாக வெளிவந்தன. அதில் பெரும்பகுதி குட்வின் எழுதியது.

சுவாமியின் குரல் மட்டும் நமக்குக் கிடைக்கவில்லை. அவருடைய சிகாகோ பேச்சு என்று சொல்லி ஓர் ஒலிப்பதிவு இன்று செல்போன்களில் உலவுகிறது. அது அவர் குரல் அல்ல. ஏமாற வேண்டாம்.

ஊட்டியில்

வடநாட்டில் சுற்றிவிட்டு, குட்வின் மறுபடியும் சென்னைக்கு வந்தார். ஓர் ஆங்கிலப் பத்திரிகையில் வேலை பார்த்தார். அந்த நாளில் கோடை வந்தால் சென்னை சர்க்காரே ஊட்டிக்குப் போய்விடும். 1898 கோடையில் குட்வினும் ஊட்டியில் இருந்தார். அங்கே குடல் காய்ச்சல் கண்டது. டைபாய்டு என்கிறோமே, அதுதான். அப்போது அதற்குச் சரியான மருந்து இல்லை. ஜூன் 2-ந் தேதி குட்வின் இறந்துவிட்டார். வயது 27.

அதற்கு முந்திய மாதம்தான், கமலாம்பாள் சரித்திரம் எழுதிய ராஜம் அய்யர் காலமாகியிருந்தார். சுவாமியின் தூண்டுதலால் சென்னையில் தொடங்கிய பிரபுத்த பாரதம் பத்திரிகையின் ஆசிரியர் அவர். அவருக்கு வயது 26. வாலிபர்களுக்குப் பொல்லாத வருஷம் அது.

குட்வின் இறந்தபோது விவேகானந்தர் இமயமலைப் பகுதியில் அல்மோராவில் இருந்தார். செய்தி கேட்டு இடிந்து போனார். தம் வலது கையே போய்விட்டது என்று வருந்தினார். ஓர் இரங்கல் பாட்டு எழுதி, இங்கிலாந்தில் இருந்த குட்வினின் தாயாருக்கு அனுப்பினார்.

ஊட்டியில் செயின்ட் தாமஸ் சர்ச்சு மயானத்தில் குட்வினை அடக்கம் செய்தார்கள். அங்கே அவருக்கு நினைவுச் சின்னம் இருக்கிறது.

அவருடைய பெட்டியும் காகிதங்களும் தாயாருக்கே போய்ச் சேர்ந்தன என்பார்கள். விரித்து எழுதாத பேச்சுகள் பல அந்தக் காகிதங்களில் வெறும் கோடுகளாகவே இருந்தன. பின்னால் சுவாமியின் சீடர்கள் தேடிப் பார்த்தார்கள். அகப்படவில்லை.