துப்பாக்கி பூட்ட ஒரு ஸ்க்ரூடிரைவர் போதுமா? அமெரிக்காவையே நம்ப வைத்த எலி விட்னியின் கதை

அமெரிக்காவில் துப்பாக்கியின் பாகங்களைத் தனித்தனியாக வாங்கி, வீட்டு மேஜையிலேயே வைத்துப் பூட்டிக்கொள்பவர்கள் உண்டு. நம்ம ஊரில் அதுக்கு வழியே இல்லை. 1959-ம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி, உரிமம் இல்லாமல் துப்பாக்கி தயாரிப்பதே குற்றம்.

ஆனா இங்கே கேள்வி சட்டம் பற்றியது இல்லை. கொல்லர் வேலையே தெரியாத ஒருவர், சில சாதாரணக் கருவிகளை வைத்து ஒரு துப்பாக்கியை எப்படிப் பூட்ட முடிகிறது? சுமார் 225 வருஷத்துக்கு முன்னாடி இது நினைத்தே பார்க்க முடியாத விஷயம்.

இதைச் சாத்தியமாக்கியவர் என்று பல ஆண்டுகளாகச் சொல்லப்பட்டு வரும் பெயர் எலி விட்னி. அதிபர் முன்னாடியே செய்து காட்டினார் என்பார்கள். ஆனா பிற்காலத்தில் அவர் செய்த துப்பாக்கிகளைக் கழற்றிப் பார்த்தபோது, கதையே மாறிப்போனது.

யார் இந்த எலி விட்னி?

1765 டிசம்பர் 8-ம் தேதி, மாசசூசெட்ஸ் மாகாணத்தின் வெஸ்ட்பரோ என்ற ஊரில் பிறந்தவர். அப்பா விவசாயி. வீட்டை ஒட்டி ஒரு சின்னப் பட்டறையும் இருந்தது. சிறுவன் விட்னிக்கு வயலைவிடப் பட்டறைதான் பிடித்தது.

அது அமெரிக்கா பிரிட்டனை எதிர்த்துச் சண்டை போட்ட காலம். பிரிட்டனில் இருந்து ஆணி வருவது நின்று, விலை ஏறியது. டீன் ஏஜ் பையனான விட்னி, அப்பாவின் பட்டறையிலேயே ஆணி செய்து விற்க ஆரம்பித்தார். போர் முடிந்து ஆணிக்கு மவுசு குறைந்ததும், பெண்கள் தொப்பியில் குத்தும் ஊசிக்கு மாறினார். எந்தப் பொருள் எப்போது விற்கும் என்ற கணக்கு அப்போதே அவருக்குத் தெரிந்திருந்தது.

படிப்புக்குக் காசு சேர்க்க, பள்ளிக்கூடத்தில் பாடம் எடுத்தார். யேல் கல்லூரியில் சேர்ந்தபோது வயது 23. கூடப் படித்தவர்கள் பலர் அவரைவிடச் சின்னவர்கள். 1792-ல் பட்டம் வாங்கி, வீட்டு ஆசிரியர் வேலைக்காகத் தென் பகுதிக்குக் கிளம்பினார்.

பருத்தி இயந்திரம்: பேர் வந்தது, பணம் வரவில்லை

போன இடம் ஜார்ஜியா மாகாணத்தில் மல்பெரி குரோவ் என்ற பண்ணை. போர்த் தளபதி நத்தானியேல் கிரீனின் மனைவி கேத்தரின் கிரீன், கணவர் இறந்த பிறகு அதைக் கவனித்து வந்தார்.

அந்தப் பகுதியில் நன்றாக விளைவது குட்டை இழைப் பருத்தி. அதில் சிக்கல் என்னன்னா, கொட்டை பஞ்சோடு ஒட்டிக்கொண்டு வராது. இந்தியாவில் பல நூற்றாண்டாக இருந்த உருளை அரவைப் பொறி, கொட்டை எளிதாகக் கழலும் பருத்திக்குத்தான் சரிப்படும். இந்தப் பருத்தியைக் கையால்தான் பிரிக்க வேண்டும். ஒரு ஆள் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் அரைக் கிலோ பஞ்சு தேறுவதே கஷ்டம்.

1793-ல் விட்னி ஒரு பொறியைச் செய்தார். கம்பிப் பற்கள் வைத்த உருளை பஞ்சை இழுக்கும். குறுகலான இடுக்கு வழியாகக் கொட்டை போக முடியாது. பின்னாடி ஒரு பிரஷ் பஞ்சைத் தள்ளிவிடும். கையால் சுற்றும் சின்னப் பொறியே ஒரு நாளைக்கு 20 கிலோவுக்கு மேல் சுத்தம் செய்தது. 1794 மார்ச் 14-ம் தேதி காப்புரிமை கிடைத்தது.

விட்னியும் கூட்டாளி பினியஸ் மில்லரும் பொறியை விற்கவில்லை. தாங்களே அரைத்துக் கொடுத்து, பஞ்சில் ஐந்தில் இரண்டு பங்கைக் கூலியாகக் கேட்டார்கள். விவசாயிகள் கொதித்துப் போனார்கள். பொறியின் அமைப்போ ரொம்ப எளிமை. ஊர்க் கொல்லரே பார்த்துச் செய்துவிடலாம். செய்தார்கள்.

1795-ல் நியூ ஹேவனில் இருந்த விட்னியின் தொழிற்கூடம் தீயில் போனது. வழக்கு மேல் வழக்கு. காப்புரிமைச் சட்டத்தில் இருந்த ஓட்டையால் தோல்வி மேல் தோல்வி. தென் கரோலினா மாகாணம் 50,000 டாலர் கொடுக்க ஒப்புக்கொண்டது. வழக்குச் செலவே அதில் பெரும்பகுதியை விழுங்கியது.

அந்தப் பொறி யாரை எங்கே கொண்டுபோய் விட்டது?

பஞ்சு பிரிப்பது சுலபமானதும், பருத்தி பயிரிடும் நிலம் பெருகியது. பிரிட்டன் ஆலைகள் எவ்வளவு கொடுத்தாலும் வாங்கிக்கொண்டன. ஆனா செடி நடவும், களை எடுக்கவும், பருத்தி பறிக்கவும் பொறி இல்லை. அதுக்கு அடிமைகளைப் பிடித்துக் கட்டினார்கள்.

1790 கணக்கெடுப்பில் அமெரிக்காவில் அடிமைகள் சுமார் 7 லட்சம் பேர். 1860-ல் கிட்டத்தட்ட 40 லட்சம். இதுக்கு ஒரு பொறி மட்டுமே காரணம் இல்லை. ஆனா தேய்ந்து போகும் என்று சிலர் நம்பிய அடிமை முறைக்குப் பருத்தி புது உயிர் கொடுத்தது. வேலையைக் குறைக்க வந்த பொறி, லட்சக்கணக்கான மனிதர்களின் வேலையைக் கூட்டிவிட்டது.

ஃபேக்டரியே இல்லாமல் 10,000 துப்பாக்கி ஆர்டர்

1798-ல் விட்னி கடனில் மூழ்கிக் கிடந்தார். அதே நேரம் பிரான்ஸுடன் போர் மூளும் என்று அமெரிக்கா பயந்தது. அரசிடம் போதிய துப்பாக்கி இல்லை.

நீரின் விசையால் ஓடும் இயந்திரங்களை வைத்துத் துப்பாக்கி செய்து தருகிறேன் என்று விட்னி அரசுக்கு எழுதினார். அந்த ஜூன் மாதமே ஒப்பந்தம் கையெழுத்தானது. 10,000 மஸ்கட் துப்பாக்கி, ஒன்றுக்கு 13.40 டாலர், 28 மாதத்தில் முடிக்க வேண்டும். முன்பணமும் கிடைத்தது.

அப்போது அவரிடம் ஃபேக்டரி இல்லை. இயந்திரம் இல்லை. அதுவரை அவர் துப்பாக்கி தயாரித்ததும் இல்லை.

அந்தக் காலத்தில் துப்பாக்கியை எப்படிப் பூட்டினார்கள்?

மஸ்கட் என்பது உள்ளே வழுவழுப்பான குழல் கொண்டது. குழலுக்குள் சுருள் வரி வெட்டியிருந்தால்தான் அது ரைஃபிள். இரண்டுக்குமே முக்கியமான பாகம், விசையை இழுத்ததும் சிக்கிமுக்கிக் கல்லை உரசித் தீப்பொறி எழுப்பும் பொறி அமைப்பு. இதை லாக் என்பார்கள். ஸ்பிரிங், திருகாணி, நெம்புகோல் என்று சின்னச் சின்னப் பாகங்கள் சேர்ந்தது.

ஒவ்வொரு பாகத்தையும் கொல்லர் அடித்து, அரத்தால் ராவி, பக்கத்துப் பாகத்தோடு வைத்துப் பார்ப்பார். இடித்தால் மறுபடி ராவுவார். ஆக, பூட்டும்போது அவர் கையில் ஸ்க்ரூடிரைவரைவிட அதிகம் இருந்தது அரம்தான். ஒரே கைக்கு அளவெடுத்துத் தைத்த சட்டை மாதிரி, ஒரு துப்பாக்கியின் பாகம் அதுக்கு மட்டும்தான் பொருந்தும். போர்க்களத்தில் ஒரு ஸ்பிரிங் உடைந்தால், வேறு துப்பாக்கியிலிருந்து கழற்றி மாட்ட முடியாது. கொல்லரைத் தேடணும்.

இதை மாற்றும் யோசனை முதலில் விட்னிக்கு வந்ததும் இல்லை. பிரான்ஸில் ஹொனோரே பிளாங்க் என்ற துப்பாக்கிக் கைவினைஞர் ஏற்கெனவே செய்துகொண்டிருந்தார். 1785-ல் பாரிஸில் அமெரிக்கத் தூதராக இருந்த தாமஸ் ஜெபர்சன், அவருடைய பட்டறைக்கே போனார். 50 லாக்குகளின் பாகங்கள் பிரித்து வைக்கப்பட்டிருந்தன. கைக்கு வந்ததை எடுத்து ஜெபர்சனே சிலவற்றைப் பூட்டிப் பார்த்தார். கச்சிதமாகப் பொருந்தின. அவர் கொல்லர் இல்லை, ஒரு வழக்கறிஞர்.

1801: வாஷிங்டனில் நடந்த டெமோ

1800 செப்டம்பரில் கெடு முடிந்தது. விட்னி ஒரு துப்பாக்கிகூடக் கொடுக்கவில்லை. ஒப்பந்தம் ரத்தாகும் நிலை.

1801 ஜனவரியில் அவர் தலைநகர் வாஷிங்டன் போனார். அதிபர் ஜான் ஆடம்ஸ், துணை அதிபர் ஜெபர்சன் உள்ளிட்டோர் முன்பு லாக்குகளின் பாகங்களைப் பரப்பினார். எந்தப் பாகத்தை எடுத்தாலும் இன்னொன்றோடு சேரும் என்று பூட்டிக் காட்டினார். அரம் தேவைப்படவில்லை. பார்த்தவர்கள் அசந்து போனார்கள். பாரிஸில் பார்த்தது இங்கேயும் வந்துவிட்டது என்று ஜெபர்சனும் நம்பினார்.

கூடுதல் அவகாசமும் பணமும் கிடைத்தது. முதல் 500 துப்பாக்கி அந்த ஆண்டு செப்டம்பரில்தான் வந்தது. கடைசித் தவணை 1809 ஜனவரியில். 28 மாத வேலை பத்து வருஷத்தைத் தாண்டியது.

ட்விஸ்ட் எங்கே?

1960-களில் அமெரிக்க ஆய்வாளர்கள் இரண்டு வேலை செய்தார்கள். விட்னியின் ஆவணங்களைப் படித்தார்கள். அருங்காட்சியகங்களில் இருந்த அவருடைய மஸ்கட்டுகளைக் கழற்றினார்கள்.

ஒன்றின் பாகம் மற்றொன்றில் சரியாக உட்காரவில்லை. கையால் ராவிய தடங்கள் இருந்தன. எது எந்தத் துப்பாக்கிக்கு என்று தெரிய, பாகங்களில் தனித்தனிக் குறிகளும் இருந்தன. எல்லாப் பாகமும் ஒரே மாதிரி என்றால் குறி எதுக்கு? டெமோவுக்குக் கொண்டுபோன லாக்குகள் அதுக்கென்றே ராவித் தயாரிக்கப்பட்டவை என்பதுதான் இப்போது பல வரலாற்றாசிரியர்களின் முடிவு. மில்லிங் மெஷினைக் கண்டுபிடித்தவர் அவர்தான் என்ற பெருமையும் இன்று கேள்விக்குள்ளாகியிருக்கிறது.

அப்போ நிஜமாகச் செய்தது யார்?

பெரிய பேர் கிடைக்காத இரண்டு பேரைச் சொல்ல வேண்டும். ஒருவர் கனெக்டிகட்டைச் சேர்ந்த சிமியோன் நார்த். பாகங்கள் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடும்படி இருக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு, 1813-ல் 20,000 கைத்துப்பாக்கிக்கு ஒப்பந்தம் போட்டார்.

இன்னொருவர் ஜான் ஹால். ஹார்ப்பர்ஸ் ஃபெரி அரசுத் தொழிற்சாலையில் 1819 முதல் ரைஃபிள் தயாரித்தார். ஒவ்வொரு பாகத்தையும் சரிபார்க்க 60-க்கும் மேற்பட்ட கேஜ்கள், அதாவது அளவு பார்க்கும் அச்சுகள் வைத்திருந்தார். 1826-ல் ஒரு குழு வந்து ரைஃபிள்களைக் கழற்றி, பாகங்களைக் கலந்து, திரும்பப் பூட்டச் சொன்னது. பொருந்தியது.

இதிலிருந்து ஒரு விஷயம் புரியும். பூட்டுபவர் கையில் கருவி குறைய வேண்டுமென்றால், தயாரிக்கும் இடத்தில் கருவி கூட வேண்டும். மேஜை மேல் ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும் என்றால், அதுக்குப் பின்னாடி தொழிற்சாலையில் பல கேஜ்களும், வெட்டும் கருவி விலகாமல் பிடித்துக்கொள்ளும் ஜிக்குகளும் நிற்கின்றன.

விட்னி ஏமாற்றுக்காரரா?

ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. தான் சொன்னதை அவர் செய்யவில்லை. ஆனா அவர் சொன்னதை அரசு விரும்பியது. அதுக்காகப் பணத்தையும் நேரத்தையும் கொடுத்தது. அடுத்து வந்தவர்களிடமும் அதையே கேட்டது. தவிர, நீரின் விசை, வேலைகளைப் பிரித்துக் கொடுப்பது, தொழிலாளர்களுக்கு வீடு என்று நியூ ஹேவன் அருகே அவர் கட்டிய விட்னிவில் ஒரு முன்மாதிரி ஊராகவே இருந்தது.

51 வயதில் திருமணம், நான்கு குழந்தைகள். புராஸ்டேட் நோயால் அவதிப்பட்டு 1825 ஜனவரி 8-ம் தேதி இறந்தார். ஹாலின் சோதனை நடந்தது அடுத்த ஆண்டு.

அதே முறைதான் பின்னாடி கடிகாரம், தையல் மெஷின், சைக்கிள், கார் என்று போனது. இன்றைக்குச் சைக்கிள் கடையில் ஒரு நட்டுப் போனால் டப்பாவில் கையை விட்டு வேறொன்றை எடுத்து மாட்டுகிறார்களே, அது அந்தக் கேஜ்களின் வேலை. விட்னி செய்து காட்டியது ஒரு வாக்குறுதி. அதை நிறைவேற்றியவர்களின் பெயர் பாடப்புத்தகம் வரைக்கும் வரவில்லை.