கல்லூரிப் பெட்டியும் கெய்ன்ஸின் டிவிடெண்டும்



டிவிடெண்ட் தரும் ஷேர்களை வாங்கி வைத்து, வேலைக்குப் போகாமல் மாதாமாதம் ஒரு வருமானம் பார்க்க முடியுமா, அதைப் பற்றி எழுதுங்கள் என்று ஓய்வு பெற்ற நண்பர்கள் சிலர் கேட்டிருந்தார்கள். எந்த ஷேர் வாங்கலாம் என்று சொல்ல நான் ஆள் இல்லை. அதற்கு செபியில் பதிவு பெற்ற ஆலோசகர்கள் இருக்கிறார்கள். நான் இங்கே ஒரு டிரஷரரின் கதையைச் சொல்கிறேன். நம் சங்கத்து டிரஷரர் தப்பாக நினைக்க வேண்டாம், இவர் இறந்து பல காலம் ஆகிவிட்டது.

ஜான் மேனார்ட் கெய்ன்ஸ். பிளஸ் டூவில் பொருளியல் படித்தவர்கள் 'கீன்ஸ்' என்று மனப்பாடம் செய்திருப்பீர்கள். வேலையில்லாத் திண்டாட்டம் வந்தால் அரசாங்கம் செலவு செய்ய வேண்டும் என்றவர் என்ற அளவில் நமக்குத் தெரியும். ஆனால் இருபது வருடத்துக்கும் மேல் அவர் ஒரு கல்லூரியின் கஜானாவைப் பார்த்துக்கொண்டார் என்பதும், அந்தக் காலத்திலேயே இரண்டு மூன்று தடவை தன் சொந்தப் பணத்தைப் பறிகொடுத்தார் என்பதும் பாடப் புத்தகத்தில் இருக்காது.

1883 ஜூன் 5-ம் தேதி கேம்பிரிட்ஜில் பிறந்தார். அப்பா பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆசிரியர். அம்மா ஃபுளோரன்ஸ் பின்னாளில் அந்த ஊருக்கே மேயர் ஆனவர். ஈட்டன் பள்ளி, பிறகு கேம்பிரிட்ஜ் கிங்ஸ் கல்லூரி. 1906-ல் முதல் வேலை லண்டனில், இந்தியா ஆபீஸில். இந்தியாவுக்கு ஒரு தடவைகூட வராமலேயே 1913-ல் நம் ரூபாயைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார்! முதல் உலகப் போரின்போது பிரிட்டிஷ் கருவூலத்தில் இருந்தார். 1919-ல் பாரிஸ் சமாதான மாநாட்டில் ஜெர்மனி மீது சுமத்திய அபராதம் பிடிக்காமல் ராஜினாமா செய்து, அதைக் கண்டித்து எழுதிய புத்தகத்தால் உலகப் புகழ் பெற்றார்.

நம் கதை இங்கேதான் தொடங்குகிறது. புகழ் வந்தது, சம்பளம் போய்விட்டது. வேறு வருமானம் வேண்டும். போருக்குப் பின் எந்த நாட்டு நாணயம் ஏறும், எது இறங்கும் என்று தன்னைவிட யாருக்குத் தெரியும் என்று நினைத்தார். நியாயமான நினைப்புதான். டாலரை வாங்கி, ஜெர்மன் மார்க்கையும் பிரான்ஸ், இத்தாலி நாணயங்களையும் விற்று வைத்தார். எல்லாம் கொஞ்சம் முன்பணம் கட்டி, மீதியைக் கடனாக வைத்துச் செய்யும் வியாபாரம். தன் பணம் மட்டும் இல்லை, ஓவியர்களும் எழுத்தாளர்களுமான நண்பர்களின் சேமிப்பும் அதில் இருந்தது. 1920 வசந்த காலத்தில் சில வாரங்கள் மார்க் எதிர்த்திசையில் ஏறியது. அவ்வளவுதான், எல்லாம் போனது. அந்த நாணயங்கள் கடைசியில் அவர் சொன்ன மாதிரியே சரிந்தன. ஆனால் அதுவரை காத்திருக்க அவர் கையில் பணம் இல்லை.

நண்பர்களின் பணத்தைத் தன் கடனாக ஏற்றுக்கொண்டார். சர் எர்னஸ்ட் காசல் என்ற பெரிய நிதியாளரிடம் 5,000 பவுண்டு கடன் வாங்கி மறுபடி தொடங்கினார். ஓரிரு வருடங்களில் கடனை அடைத்துவிட்டார். இதை நான் விரிவாகச் சொல்வதற்குக் காரணம், 'கணிப்பு சரி, ஆனாலும் நஷ்டம்' என்ற நிலைமை நம் பிளாக்குகளிலும் எஃப் அண்ட் ஓ செய்கிற இளைஞர்களுக்கு நடக்கிறது என்பதுதான்.

இனி கல்லூரிக்கு வருவோம். கிங்ஸ் கல்லூரிக்குப் பெரும்பாலும் நிலம்தான் சொத்து. மீதி அரசாங்கக் கடன் பத்திரங்களில். நம் அபார்ட்மெண்ட் கார்ப்பஸ் ஃபண்டை பிக்சட் டெபாசிட்டில் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கிறோமே, அதே மனநிலை. அந்தக் காலத்தில் ஷேர் என்றால் கௌரவமான நிறுவனங்கள் தொடத் தயங்கின. கெய்ன்ஸ் 1919-ல் துணை பர்சராகவும், 1924-ல் முதல் பர்சராகவும் ஆனார். பர்சர் என்றால் கல்லூரியின் டிரஷரர். நிலத்தில் ஒரு பகுதியை விற்க வைத்தார். டிரஸ்ட் விதிகளுக்குக் கட்டுப்படாத ஒரு தனி நிதியை 1920-ல் ஏற்படுத்தச் செய்தார். அதற்குப் பெயர் 'செஸ்ட்', அதாவது பெட்டி. சுமார் 30,000 பவுண்டில் தொடங்கியது. கல்லூரிச் சொத்து முழுவதையும் அவர் இதில் கொட்டவில்லை என்பதைக் கவனியுங்கள்.

1925-ல் அவர் எழுதிய ஒரு புத்தக விமர்சனம் டிவிடெண்ட் தேடுகிறவர்கள் அவசியம் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். அமெரிக்காவில் எட்கர் லாரன்ஸ் ஸ்மித் என்பவர், நீண்ட காலத்தில் கடன் பத்திரத்தைவிட ஷேர்கள் மேல் என்று புள்ளிவிவரத்தோடு எழுதியிருந்தார். அதன் காரணத்தை கெய்ன்ஸ் எடுத்துக் காட்டினார். நல்ல கம்பெனி சம்பாதித்த லாபம் முழுவதையும் டிவிடெண்டாகக் கொடுத்துவிடுவதில்லை. ஒரு பகுதியை வைத்துக்கொண்டு தொழிலிலேயே திரும்பப் போடுகிறது. அது கூட்டு வட்டி மாதிரி வளர்ந்து அடுத்தடுத்த வருட டிவிடெண்டைப் பெரிதாக்குகிறது. ஆகவே இந்த வருடம் எவ்வளவு கையில் வந்தது என்று மட்டும் பார்த்தால் பாதிக் கணக்குதான் பார்த்திருக்கிறோம். லாபத்துக்கு மேல் அள்ளிக் கொடுக்கிற கம்பெனி, தென்னை மரத்தையே வெட்டி இளநீர் கொடுக்கிற தோட்டக்காரர் மாதிரி. நம் ஊரில் எக்ஸ்-டிவிடெண்ட் தேதியில் ஷேர் விலை ஏறத்தாழ அந்த அளவுக்கு இறங்குகிறது. 2020 ஏப்ரலிலிருந்து அந்தத் தொகை நம் வருமானத்தில் சேர்ந்து வரிக்கும் உள்ளாகிறது. இதையும் சேர்த்துத்தான் யோசிக்க வேண்டும்.

இவ்வளவு தெரிந்தவரே 1920-களில் வேறு வழியில் போனார் என்பதுதான் வேடிக்கை. பொருளாதாரம் எப்போது மேலே போகும், எப்போது கீழே வரும் என்று கணித்து, அதற்கேற்ப வாங்கி விற்கப் பார்த்தார். ரப்பர், பருத்தி, தகரம், தானியம் என்று கமாடிட்டியும் செய்தார். 1928-ல் ரப்பர் விழுந்தது. நஷ்டத்தை ஈடுகட்ட ஷேர்களை விற்க வேண்டியிருந்தது. மிச்சமிருந்ததில் பெரிய பங்கு ஆஸ்டின் மோட்டார் கம்பெனி. (சென்னைக்காரர்களுக்கு ஒரு தகவல்: அசோக் லேலண்ட் ஆரம்பத்தில் அசோக் மோட்டார்ஸ் என்ற பெயரில் எண்ணூரில் பூட்டித் தந்தது இந்த ஆஸ்டின் கார்களைத்தான்.) அதுவும் இறங்கியது. 1927 முடிவில் 44,000 பவுண்டாக இருந்த அவர் சொத்து 1929 முடிவில் 8,000-க்கும் கீழே. 1929 வால் ஸ்ட்ரீட் சரிவை உலகின் தலைசிறந்த பொருளாதார நிபுணரும் முன்கூட்டிக் காணவில்லை.

அதன்பிறகு மெல்ல மெல்ல வழியை மாற்றிக்கொண்டார். சந்தையைக் கணிப்பதை விட்டார். தனக்கு நன்றாகத் தெரிந்த சில கம்பெனிகளை, அவற்றின் வருமானத்தோடு ஒப்பிட்டால் விலை மலிவாக இருக்கும்போது வாங்கி, வருடக்கணக்கில் வைத்துக்கொள்வது என்று முடிவு செய்தார். ஆஸ்டினை விற்றுவிட்டு ஓடவில்லை. தென் ஆப்பிரிக்கத் தங்கச் சுரங்கக் கம்பெனியான யூனியன் கார்ப்பரேஷனை நிறைய வைத்திருந்தார். அமெரிக்காவில் மின்சாரக் கம்பெனிகளின் முன்னுரிமைப் பங்குகள் யாரும் சீண்டாமல் கிடந்தபோது வாங்கினார். அவருடைய பங்குகள் மொத்தத்தில் சந்தைச் சராசரியைவிட அதிக டிவிடெண்ட் தருபவையாக இருந்தன என்று பின்னாளில் கணக்குகளை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். காலையில் படுக்கையிலிருந்தபடியே பேப்பர் படித்து, புரோக்கரோடு போனில் பேசி அந்த வேலையை முடித்துவிடுவாராம்.

அதற்காக ஞானி ஆகிவிட்டார் என்று நினைக்காதீர்கள். 1936-ல் அர்ஜென்டினா கோதுமையில் சிக்கிக்கொண்டு, வந்து இறங்கப் போகிற மூட்டைகளைக் கல்லூரி சர்ச்சுக்குள் அடுக்க முடியுமா என்று அளந்து பார்த்தார் என்று ஒரு கதை உண்டு. கடன் வாங்கி ஷேர் வாங்கும் பழக்கமும் விடவில்லை. 1936 முடிவில் சொத்து 5 லட்சம் பவுண்டைத் தாண்டியது. 1937-ல் இரண்டு அடி சேர்ந்து விழுந்தது: மே மாதம் மாரடைப்பு, அதைத் தொடர்ந்து சந்தைச் சரிவு. 1938 முடிவில் 2 லட்சத்துக்கும் கீழே வந்துவிட்டது. கல்லூரிப் பெட்டியும் பலமாக அடி வாங்கியது. அவர் தலைவராக இருந்த நேஷனல் மியூச்சுவல் இன்சூரன்ஸ் கம்பெனியில் ஏன் முன்பே விற்கவில்லை என்று இயக்குநர்கள் கேட்டார்கள். படுக்கையில் இருந்த மனிதர் அந்த வருடம் ராஜினாமா செய்தார்.

அந்த நேரத்தில்தான், 1938-ல், கல்லூரிக் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினார். எல்லாரும் விற்கும்போது விற்பது நிர்வாகியின் கடமை அல்ல, விலை இறங்குவதை வெட்கப்படாமல் தாங்கிக்கொள்வதும் அவர் வேலையில் ஒரு பகுதி என்பது அதன் சாரம். சில நல்ல முதலீடுகளைப் பிடித்துக்கொள்ளுங்கள், ஆனால் ஒன்று விழும்போது இன்னொன்று தாங்குகிற மாதிரி கலந்து வையுங்கள் என்றும் சொன்னார். கல்லூரி அவரை நம்பியது. என் பார்வையில், கெய்ன்ஸின் திறமையைவிட அந்தக் குழுவின் பொறுமைதான் பெரிய விஷயம். ஒரு ஏ.ஜி.எம்.மில் அப்படி ஒரு டிரஷரரை நாம் விட்டு வைத்திருப்போமா?

தன் சொந்தக் கடனையும் படிப்படியாகக் குறைத்தார். இரண்டாம் போர் வந்தது, மறுபடி கருவூலம், 1944-ல் பிரெட்டன் உட்ஸ் மாநாடு. உடம்பு தாங்கவில்லை. 1946 ஏப்ரல் 21, ஈஸ்டர் ஞாயிறன்று சசெக்ஸில் டில்டன் என்ற தன் பண்ணை வீட்டில் காலமானார். வயது 62. அப்போது பெட்டியில் சுமார் 3,80,000 பவுண்டு இருந்தது. நடுவில் வந்த டிவிடெண்டைக் கல்லூரி கட்டடத்துக்கும் மற்றதுக்கும் செலவழித்து வந்தது, அதைக் கழித்த பிறகு நின்ற தொகை இது.

மனைவி லிடியா லோபகோவா, ரஷ்ய பாலே நடனக்காரர், 1981 வரை வாழ்ந்தார். கெய்ன்ஸ் சேர்த்த ஓவியங்களும் புத்தகங்களும் கிங்ஸ் கல்லூரிக்குப் போயின. அவற்றில் ஒன்று 1918-ல் பாரிஸ் ஏலத்தில் வாங்கிய செசானின் ஆப்பிள் ஓவியம். ஒரு பைசா டிவிடெண்ட் தராத சொத்து! ஊருக்குத் திரும்பிய இரவு மற்ற சாமான்கள் கனமாக இருந்ததால் அதை வேலியோரம் வைத்துவிட்டு நண்பர்கள் வீட்டுக்கு நடந்து போனாராம். பிள்ளைகளைப் பார்க்க இங்கிலாந்து போகிறவர்கள் கேம்பிரிட்ஜ் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில் அதைப் பார்க்கலாம். டிக்கெட் கிடையாது.