சொட்டு மருந்து தந்த அல்பேர்ட் சேபின்

நம்மில் பெரும்பாலானோர் குழந்தைப் பருவத்தில் இளம்பிள்ளைவாதச் சொட்டு மருந்து பெற்றவர்கள். அம்மருந்தை ஆக்கியவர் வைத்தியர் அல்பேர்ட் சேபின். டெங்குக் காய்ச்சல் பற்றிய அடிப்படை உண்மை ஒன்றைக் கண்டறிந்தவரும் அவரே என்பதைப் பலர் அறியார். 2017 ஆம் ஆண்டின் தொடக்கத்தில் கிண்ணியாவில் டெங்கு பரவியதையும் அங்கே உயிர்கள் பறிபோனதையும் நம் மாவட்டம் மறக்கவில்லை. ஆகையால் அவரது வாழ்வை இம்மலரில் நினைவுகூர்வது பொருத்தம்.

சேபின் 1906 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 26 ஆம் திகதி, அன்று ரஷ்யப் பேரரசில் இருந்ததும் இன்று போலந்தில் உள்ளதுமான பியாலிஸ்டோக் நகரில், ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். 1921 இல் குடும்பம் அமெரிக்காவுக்குப் புலம்பெயர்ந்தது. பல் வைத்தியரான உறவினர் ஒருவர், தம் தொழிலையே படிப்பதானால் செலவை ஏற்பதாகக் கூறினார். சேபினும் அப்படிப்பில் சேர்ந்தார். ஆனால் நுண்ணுயிர்களை ஆராய்ந்தோரின் கதைகளைக் கூறும் நூலொன்று அவர் மனத்தை மாற்றியது. உதவி நின்றுபோனாலும் பின்வாங்காமல், 1931 இல் நியூயோர்க் பல்கலைக்கழகத்தில் வைத்தியரானார். 1939 முதல் சின்சினாட்டி சிறுவர் வைத்தியசாலையில் ஆய்வைத் தொடர்ந்தார்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. 1942 ஏப்ரல் 9 இல் நமது துறைமுகத்தின் மீதும் யப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அந்த யுத்தத்தில் பசுபிக் தீவுகளில் போரிட்ட படையினரைக் குண்டுகள் மட்டுமன்றி டெங்கும் வீழ்த்தியது. இராணுவ வைத்திய சேவையில் சேர்ந்திருந்த சேபினிடம் இந்நோயை ஆராயும் பொறுப்பு வந்தது.

ஹவாய், நியூகினி, இந்தியா ஆகிய இடங்களில் நோயுற்ற படையினரின் குருதியிலிருந்து வைரஸ்களைப் பெற்று அவர் ஒப்பிட்டார். அதற்காக, இணங்கி முன்வந்தவர்களுக்கு அவ்வைரஸ்கள் ஏற்றப்பட்டன. அவர்களில் சிறைக் கைதிகளும் இருந்தனர். இன்றைய மருத்துவ அறம் இதனை எளிதில் அனுமதிக்காது. எனினும், அவர்கள் உடலால் பட்ட துன்பத்திலிருந்துதான் நாம் இன்று அறிந்தவற்றுள் பல கிடைத்தன.

டெங்கு வைரஸ் ஒரே வகையானதல்ல என்பது முதலில் தெளிவாயிற்று. ஹவாய் வகை இன்று முதலாம் வகை எனவும், நியூகினியில் கிடைத்த மற்றொன்று இரண்டாம் வகை எனவும் அழைக்கப்படுகின்றன. மூன்றாம், நான்காம் வகைகள் 1950களில் மணிலாவில் வேறொருவரால் கண்டறியப்பட்டன. ஒரு வகையால் நோயுற்றவருக்கு அதே வகையை ஒன்றரை ஆண்டுக்குப் பின் ஏற்றியபோதும் நோய் வரவில்லை. ஆனால் மற்ற வகைக்கு எதிரான முழுப் பாதுகாப்பு ஏறத்தாழ இரண்டு மாதமே நீடித்தது. பின்னர் சில மாதங்கள் காய்ச்சல் இலேசாக வந்தது. அதன்பின் அந்தப் பாதுகாப்பும் மறைந்தது.

ஏன் அப்படி? ஒரு வகைக்கு எதிராக உடல் உண்டாக்கும் பிறபொருளெதிரிகள் மற்ற வகை வைரஸையும் பற்றிக்கொள்கின்றன. அவை நிறைவாக உள்ள காலத்தில் அதனைச் செயலிழக்கச் செய்கின்றன. காலப்போக்கில் குறைந்தபின் பற்றிக்கொள்ளுமே தவிர அடக்க மாட்டா. சில வேளைகளில் வைரஸ் கலங்களுக்குள் நுழையவும் வழிசெய்துவிடுகின்றன. இரண்டாம் முறை வரும் டெங்கு பலருக்குக் கடுமையாவதற்கு இதுவே முக்கிய காரணம் எனப் பிற்கால ஆய்வாளர்கள் விளக்கினர். 1947 இல் உகண்டாவில் கண்டறியப்பட்ட சிக்கா வைரஸும் இதே குடும்பம்; ஈடிஸ் நுளம்பே அதனையும் பரப்புகிறது. சிக்கா வந்துபோனவருக்குப் பின்னர் வரும் இரண்டாம் வகை டெங்கு கடுமையாகலாம் என்று நிக்கரகுவாவில் நடந்த ஆய்வு காட்டியுள்ளது.

சேபின் டெங்குவுக்குத் தடுப்பு மருந்து செய்யவும் முயன்றார். எலிகளில் வளர்த்து வலுக்குறைத்த முதலாம் வகை வைரஸ் நிர்ப்பீடனம் தந்தது. ஆயினும் அது பொதுப் பயன்பாட்டுக்கு வரவில்லை.

யுத்தம் முடிந்தபின் இளம்பிள்ளைவாதத்தின் பக்கம் முழுமையாகத் திரும்பினார். தாம் உருவாக்கிய வாய்வழி மருந்தை முதலில் தாமும் தம் குடும்பத்தினரும் உட்கொண்டனர். வல்லரசுகளிடையே பகைமை மிகுந்திருந்த காலத்திலும் சோவியத் விஞ்ஞானி சுமாக்கோவ் அவருடன் கைகோத்தார். 1959 இல் சோவியத் ஒன்றியத்தில் இலட்சக்கணக்கான குழந்தைகளுக்கு அம்மருந்து கொடுக்கப்பட்டது. சேபின் அதற்கு உரிமைக் காப்பு எதுவும் கோரவில்லை. 1962 இல் அது இலங்கைக்கும் வந்தது. 1993 மார்ச் 3 ஆம் திகதி தமது 86 ஆவது வயதில் அவர் காலமானார். நமது நாட்டின் கடைசி இளம்பிள்ளைவாத நோயாளி பதிவானதும் அதே ஆண்டில்தான்.

டெங்குவில் அவர் தொடங்கிய பணி இன்னும் முடியவில்லை. 2017 இல் இலங்கையில் ஒரு இலட்சத்து 86 ஆயிரம் பேர் வரை டெங்கு நோயாளிகளாகப் பதிவாயினர். அதற்கு முந்திய ஆண்டுகளில் முதலாம் வகை மேலோங்கியிருக்க, அவ்வாண்டு இரண்டாம் வகை பரவியது. சேபின் பிரித்தறிந்த அதே இரண்டு வகைகள்தான்.

ஒருமுறை டெங்கு வந்தால் இனிப் பயமில்லை என்று நம் வீடுகளில் இன்னும் சொல்லப்படுகிறது. அது தவறு. முன்பு டெங்கு வந்த பிள்ளைக்கு மீண்டும் காய்ச்சல் கண்டால் தாமதியாது வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். காய்ச்சல் விடும் நாளிலும் கவனமாயிருக்க வேண்டும். நமது கல்லூரியின் ஆய்வுகூடத்தில் இன்று நுணுக்குக்காட்டியில் கண்வைக்கும் தங்கைமாரில் ஒருவராவது எஞ்சிய பணியை எடுத்துச் செல்வாராக.