நாய்களிடம் பாடம் கேட்ட விஞ்ஞானி

வீட்டுக்கு ஒரு நாய்க்குட்டி வந்து சேர்ந்தால் முதல் இரண்டு நாள் கொண்டாட்டம். மூன்றாம் நாளிலிருந்து புகார். செருப்பைக் கடிக்கிறது, கூடத்தை அசுத்தம் செய்கிறது, கூப்பிட்டால் வருவதில்லை. உடனே கையை ஓங்குகிறோம். அதற்கு முன் ஒரு ரஷ்ய விஞ்ஞானியின் வாழ்க்கையை அறிந்துகொள்வது நல்லது. அவர் பெயர் இவான் பெத்ரோவிச் பாவ்லோவ்.

ரியாஸான் என்ற ஊரில் 1849-ம் ஆண்டு ஒரு பாதிரியாரின் மூத்த மகனாகப் பிறந்தார். சிறு வயதில் உயரத்திலிருந்து விழுந்து பலத்த அடிபட்டதால் பதினோரு வயது வரை பள்ளிக்கூடம் போகவில்லை. தந்தையைப் போலவே பாதிரியாராக வேண்டும் என்று சமயப் பள்ளியில் சேர்த்தார்கள். விஞ்ஞான நூல்களோ அவர் மனத்தை வேறு பக்கம் இழுத்தன. 1870-ல் பீட்டர்ஸ்பர்க் சர்வகலாசாலையில் சேர்ந்தார். பிறகு வைத்தியமும் படித்தார்.

1881-ல் திருமணம் நடந்தது. வருமானம் சொற்பம். அவருடைய கஷ்டத்தைக் கண்டு பணம் திரட்டிக் கொடுத்தபோது, அதையும் ஆராய்ச்சி நாய்களுக்கே செலவிட்டுவிட்டார் என்று சொல்வதுண்டு. நாற்பது வயதில்தான் பேராசிரியர் பதவி கிடைத்தது. ஜீரண உறுப்புகள் வேலை செய்யும் விதத்தை நாய்களைக் கொண்டு ஆராய்ந்ததற்காக 1904-ல் நோபல் பரிசு பெற்றார். அந்தப் பரிசை வென்ற முதல் ரஷ்யர் அவரே.

ஆனால் அவர் புகழ் உலகெங்கும் பரவியதற்குக் காரணம் வேறொன்று. உணவை வாயில் வைத்தால் நாய்க்கு உமிழ்நீர் ஊறுவது இயற்கை. ஆனால் உணவு கொண்டுவரும் ஆளைக் கண்டதுமே அது ஊறியது! மற்றவர்கள் இதை ஆராய்ச்சிக்கு இடைஞ்சல் என்று ஒதுக்கியிருப்பார்கள். பாவ்லோவ் மீதி வாழ்நாளையே இதற்குக் கொடுத்தார். ஓர் ஒலியை எழுப்பி உடனே உணவு கொடுத்தார். பலமுறை இப்படிச் செய்தபின் ஒலி மட்டும் கேட்டாலே உமிழ்நீர் ஊறியது. உணவு முதலில் வந்து ஒலி பின்னால் வந்தால் பாடம் சரியாக ஏறவில்லை. உணவே கொடுக்காமல் ஒலியை மட்டும் எழுப்பிக்கொண்டிருந்தால் கற்றதும் மெல்ல மங்கியது.

நம் வீட்டு நாய்க்குட்டிக்கும் இதே கணக்குத்தான். பெயரைச் சொல்லி அழைத்து, வந்த அந்த நொடியிலேயே ஒரு துண்டு ரொட்டியோ தடவலோ கொடுத்தால் பெயர் இனிக்கும். காலையில் கூடத்தை நனைத்ததற்கு, மாலையில் ஆபீசிலிருந்து வந்து கூப்பிட்டு அடித்தால், அதற்குத் தெரிவது ஒன்றுதான்: கூப்பிட்டால் அடி விழும். மறுநாள் கூப்பிட்டால் கட்டிலுக்கடியில் ஒளிந்துகொள்ளும். நாமோ, வேண்டுமென்றே செய்கிறது என்கிறோம். நாய் நினைத்தது, விரும்பியது என்றெல்லாம் பேசுவதை பாவ்லோவ் தம் ஆராய்ச்சிக்கூடத்தில் அனுமதிப்பதில்லை. கண்ணால் கண்டதைச் சொன்னால் போதும் என்பது அவர் கட்டளை.

இன்னொரு சோதனையும் நடந்தது. வட்டத்தைக் காட்டினால் உணவு; நீள்வட்டத்தைக் காட்டினால் இல்லை. நாய் இரண்டையும் நன்றாகப் பிரித்தறிந்தது. பிறகு நீள்வட்டத்தைச் சிறிது சிறிதாக வட்டம் போலவே ஆக்கிக்கொண்டு போனார்கள். எது எதுவென்று தெரியாமல் போனதும், அதுவரை அமைதியாக இருந்த நாய் குரைத்தது, கருவிகளைக் கடித்தது, முன்பு கற்றதையும் இழந்தது. சாப்பிடும்போது அப்பா விரட்டுவதும், பாட்டி இலையிலிருந்தே எடுத்துப் போடுவதும், ஒருவர் தமிழிலும் மற்றவர் இந்த ஊர்ப் பாஷையிலும் அதட்டுவதுமாக இருந்தால் குட்டியின் கதியும் இதுதான். எந்தப் பாஷையானாலும் நாய்க்கு ஒன்றே. ஆனால் வீட்டார் எல்லோருக்கும் ஒரே சொல், ஒரே சட்டம் இருக்க வேண்டும்.

1924-ல் லெனின்கிராட் நகரில் பெருவெள்ளம் வந்தது. கூண்டுகளில் சிக்கிய நாய்களை நீந்த வைத்து மீட்டார்கள். உயிர் பிழைத்த பல நாய்கள் கற்ற பாடங்களை மறந்திருந்தன. மாதங்கள் கழிந்த பின்னும், கதவுக்கடியில் சிறிது நீர் கசிந்து வந்தாலே நடுங்கிய நாயும் உண்டு. பொறுமையாகக் கற்பித்ததை அச்சம் ஒரே நாளில் துடைத்துவிடும் என்பதை பாவ்லோவ் அப்போது கண்டார்.

தம் நாய்கள் பட்ட துன்பத்தை அவர் மறக்கவில்லை. 1935-ல், அவர் பணியாற்றிய நிலையத்தின் தோட்டத்தில் நாய்க்கு ஒரு நினைவுச் சின்னம் எழுப்பப்பட்டது. மறு ஆண்டு பிப்ரவரியில், எண்பத்தாறாம் வயதில் பாவ்லோவ் காலமானார்.

அந்த ஊமைப் பிராணிகள் உயிரைக் கொடுத்துச் சொல்லித் தந்த பாடம் இது. நாய்க்குட்டி தவறு செய்தால், அதற்கு நாம் என்ன கற்றுக் கொடுத்தோம் என்று முதலில் யோசிப்போம். ஓங்கிய கை தானாகவே தாழும்.