படிகளைத் தாண்டிய மாணவி

கல்வி ஒரு படிக்கட்டு. வகுப்பு வகுப்பாக, தேர்வு தேர்வாக நாம் ஏறுகிறோம். சிலரோ மேல்படிக்குரிய பாடத்தைக் கீழ்ப்படியில் நிற்கும்போதே கற்க விழைகின்றனர். அத்தகையவருள் ஒருவர் எடித் ஸ்டெயின்.

அன்று ஜெர்மனியைச் சேர்ந்ததும் இன்று போலந்தில் உள்ளதுமான பிரெஸ்லாவ் நகரில், 1891 அக்டோபர் 12-ஆம் நாள் ஒரு யூதக் குடும்பத்தின் கடைக்குட்டியாய்ப் பிறந்தார். இரண்டு வயது நிறையுமுன் தந்தையை இழந்தார். தாயார் மர வியாபாரத்தைத் தாமே நடத்திப் பிள்ளைகளை ஆளாக்கினார்.

1911-இல் பிரெஸ்லாவ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்த எடித், தத்துவப் பேராசிரியர் எட்மண்ட் ஹுசெர்லின் கடினமான நூலொன்றைத் தாமாகவே படித்தார். அவரிடமே பயில விரும்பி 1913-இல் கெட்டிங்கன் நகருக்குச் சென்றார். வயதிலும் படிப்பிலும் மூத்தவர்களோடு ஆய்வு வகுப்புகளில் அமர்ந்தார். அவ்வாண்டிலேயே டாக்டர் பட்ட ஆய்வுக்குத் தலைப்புக் கேட்டார்! பேராசிரியர் வியந்தார், முதலில் அரசுத் தேர்வை முடிக்கும்படி அறிவுரை கூறினார். எடித் இரண்டிற்கும் ஒருங்கே உழைக்கத் துணிந்தார். பிறர் உள்ளத்து உணர்வை நாம் எவ்வாறு அறிகிறோம் என்பதே அவர் எடுத்த பொருள்.

சுமை பெரிதாயிற்று. அந்தக் குளிர்காலத்தில் நூல்கள் மலையெனக் குவிந்தன. தெளிவு மட்டும் பிறக்கவில்லை. உறக்கம் போயிற்று. எதையும் தம் அறிவால் வென்று பழகியவருக்கு வாழ்வே கசந்தது. இறுதியில் அடோல்ஃப் ரைனாக் என்ற இளம் ஆசிரியரிடம் சென்று தம் நிலையைச் சொன்னார். அவர் பரிவுடன் கேட்டு, எழுதத் தொடங்கும்படி ஊக்கினார். முடிச்சு அவிழ்ந்தது. 1915 ஜனவரியில் அரசுத் தேர்வில் சிறப்பாகத் தேறினார்.

அப்போது முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்தது. எடித் படிப்பை நிறுத்தி, செஞ்சிலுவைச் சங்க மருத்துவமனையில் தொற்றுநோயால் வாடிய போர்வீரர்களுக்குத் தொண்டு செய்தார். பின்னர் 1916-இல் ஃப்ரைபர்க் பல்கலைக்கழகத்தில் மிக உயர்ந்த சிறப்புடன் டாக்டர் பட்டம் பெற்றார். ஆயினும் பெண் என்பதால் பல்கலைக்கழக ஆசிரியராகும் தகுதி அவருக்கு மறுக்கப்பட்டது. அவர் முறையிட்டதன் பயனாக, பெண் என்பது அதற்குத் தடையன்று என்று 1920-இல் பிரஷ்ய அமைச்சகம் ஆணையிட்டது. ஆனாலும் அவருக்கு அப்பதவி கிட்டவில்லை.

1917-இல் ரைனாக் போரில் மாண்டார். ஆறுதல் சொல்லச் சென்ற எடித்தை, விதவையான ரைனாக்கின் மனைவியின் கிறிஸ்தவ விசுவாசமே தேற்றியது. 1921-இல் அவிலா புனித தெரேசம்மாளின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தார். 1922 ஜனவரி 1-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார். பின்னர் ஸ்பையர் நகரில் தொமினிக்கன் கன்னியர் நடத்திய பெண்கள் பள்ளியில் 1931 வரை ஆசிரியையாய்ப் பணிபுரிந்தார். 1933-இல் கார்மேல் மடத்தில் சேர்ந்தார். நாஜிகள் 1942 ஆகஸ்டு 2-ஆம் நாள் அவரை ஹாலந்து நாட்டு மடத்திலிருந்து, சகோதரி ரோசாவுடன் பிடித்துச் சென்றனர். அதே மாதம் 9-ஆம் நாள் அவுஷ்விட்ஸ் முகாமில் அவர் உயிர் நீத்தார். 1998-இல் திருச்சபை அவரைப் புனிதர் நிலைக்கு உயர்த்தியது.

அன்புத் தோழியரே, நம் வகுப்புக்கு மேற்பட்ட பாடத்தை விரும்புவது நல்லதே. சுமை அழுத்தும் நாளில் ஓர் ஆசிரியரின் கதவைத் தட்டவும் எடித்திடம் கற்போம். கேட்டுப் பெற்ற அந்த உதவியால் அவர் கல்வி குன்றவில்லை, நிறைவே பெற்றது.