பாடகியின் கவலை தீர்த்த டாக்டர்

வின்சென்ஸ் செர்னி, ஜெர்மனியில் ஹைடல்பெர்க் நகரத்து ரண சிகிச்சை நிபுணர். 1842-ல் பொஹீமியாவில் பிறந்தவர். வியன்னாவில் பில்ராத் என்ற பெரிய டாக்டரிடம் தொழில் கற்றார்.

41 வயதுப் பாடகி ஒருத்தி அவரிடம் வந்தாள். ஒரு மார்பில் கட்டி. புற்றுநோய் அல்ல, ஆனாலும் உள்ளே இருப்பதை எடுத்தாக வேண்டும். எடுத்தால் ஒரு பக்கம் தட்டையாகிவிடும். பிறகு மேடையில் நிற்பது எப்படி?

அவளுடைய முதுகின் கீழ்ப்பக்கத்தில் முஷ்டி அளவுக்குக் கொழுப்புக் கட்டி ஒன்று இருந்தது. கெடுதல் இல்லாத கட்டி. வேறு டாக்டராக இருந்தால் வெட்டி எறிந்திருப்பார்! செர்னி அதைப் பக்குவமாக எடுத்து, மார்புக்குள் காலியான இடத்தில் வைத்துத் தைத்தார். அவளுடைய உடம்பின் சதையே அல்லவா? ஒட்டிக்கொண்டது. 1895-ல் இந்த விவரத்தை எழுதி வெளியிட்டார்.

1906-ல் ஹைடல்பெர்கில் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் ஒன்றை நிறுவினார். 1916-ல் அவர் இறந்தது ரத்தப் புற்றுநோயால்.