சிவகாசி அய்ய நாடார்

கைத்தொழில் வளர்ச்சிக்கு வேண்டுவன அறிவு, உழைப்பு, முதற்பொருள் என மூன்றாம். முன்னைய இரண்டும் உடையார் நம்மிற் பலர். மூன்றாவது இன்மையால் அவர்தம் முயற்சி முளையிலேயே கருகுதல் கண்கூடு. அம்முதற்பொருள் எத்தகையோரிடமிருந்து வாய்த்தல் வேண்டும் என்பதை, 1905ஆம் ஆண்டு தோன்றி 1982ஆம் ஆண்டு மறைந்த சிவகாசி அய்ய நாடார் வாழ்க்கை நமக்கு நன்கு விளக்கும்.

சிவகாசி வானம் பார்த்த பூமி. மழை பொய்ப்பின் உழவும் பொய்க்கும். இத்தகைய ஊரில் பிறந்த அய்ய நாடார், 1922ஆம் ஆண்டில், சகோதர முறையினராகிய சண்முக நாடாருடன் கல்கத்தா சென்று, பூர்ணசந்திர ராய் என்பாரிடம் தீப்பெட்டி செய்யும் முறையைப் பயின்றார். அவ்வாண்டில் அயல்நாட்டுத் தீப்பெட்டிமீது, 144 பெட்டி கொண்ட குரோஸ் ஒன்றுக்கு ஒன்றரை ரூபாய் இறக்குமதி வரி விதிக்கப்பெற்றது. அவ்வரி நம் நாட்டுத் தொழிலுக்கு வேலியாயிற்று.

சென்னை மாகாணத்தில் கைத்தொழில்கட்கு அரசாங்க உதவிச் சட்டம் எழுந்ததும் 1922ஆம் ஆண்டிலேயாம். எனினும் கடன் என்பது ஈடு காட்டுவோரை நோக்கிச் செல்வது. கைப்பொருளில்லா இளைஞர்க்கு அஃது எளிதில் எட்டுவதன்று. இவ்விருவர்க்கும் கைகொடுத்தது உற்றாரின் நம்பிக்கையே. அவர் உதவிய பொருளைக் கொண்டு ஜெர்மனியினின்றும் இயந்திரம் தருவித்தனர்.

அவ்வியந்திரத்தால் ஊதியம் கிட்டவில்லை. பொருள் தந்தோர் அந்நிலையிற் கைவிட்டிருப்பின் சிவகாசித் தீப்பெட்டி அன்றே அவிந்திருக்கும். இருவரும் மனந்தளராது இயந்திரத்தை விடுத்து, குச்சி அடுக்குதல், பெட்டி ஒட்டுதல் முதலிய வேலைகளை மக்கள் கைகளுக்கே ஒப்புவித்தனர். சிறு முதலில் தொழில் நடந்தது. வறண்ட ஊரில் பல குடும்பங்கட்குக் கூலியும் கிடைத்தது. 1926ஆம் ஆண்டில் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தலாயினர். அய்ய நாடாருக்கு அணிலும், சண்முக நாடாருக்குக் காக்கையும் சின்னங்களாயின.

1940ஆம் ஆண்டின் வெடிமருந்து விதிகள் உரிமம் பெற்ற ஆலைகட்கு வழிவகுத்தபின் பட்டாசுத் தொழிலும் அவ்வூரில் ஓங்கியது. அதிலும் அய்ய நாடார் முன்னின்றார். நகராட்சித் தலைவராகவும் தொண்டாற்றினார். 1963ஆம் ஆண்டில் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி தோன்றியது. உற்றார் நம்பிக்கையால் வளர்ந்த செல்வம் ஊரார்க்குக் கல்வியாய்த் திரும்பிற்று.

இத்தொழில்கள் பெருகியவிடத்துச் சிறார் உழைப்பும் தீவிபத்தும் நேர்ந்தமை மறைத்தற்குரியதன்று. பொருள் இடுவோர் தொழிலாளர் உயிரையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும் என்பதை அவை நமக்கு உணர்த்துகின்றன.

நம் முன்னோர் வாணிகத்தில் ஒரு சிறு பங்கை மகமையாக ஒதுக்கிப் பள்ளிகள் நடத்தினர். இந்நாளில் வங்கிக் கடன், அரசாங்க மானியம், துணிகர முதலீடு எனப் பல வழிகள் உள. ஆயினும், முதல் முயற்சியில் இடறிய இளைஞனை இரண்டாம் முறையும் நம்புவோர் மிகச் சிலரே. சங்க அன்பர்களே! ஊர்தோறும் நம் மகமைப் பொருளில் ஒரு பங்கை அத்தகையோர்க்கு ஒதுக்குவோமாக. அய்ய நாடாருக்கு நாம் செலுத்தும் மெய்யான நன்றிக்கடன் அதுவேயாம்.